மரம் அறிதல்

மரம் அறிதல் என்பது ஒரு மரத்தை அதன் இலை, பட்டை, பூ, காய், வளரும் இடம் ஆகியவற்றைக் கொண்டு இனங்கண்டு, அதன் பெயரையும் இயல்பையும் பயனையும் தெரிந்துகொள்ளும் செயல்பாடாகும். தாவரவியலில் இது இனங்காணல் எனப்படும். ஆயினும் பெரும்பாலான மக்கள் மரங்களை அறிந்துகொள்வது பாடநூல்களின் வழியாக அல்ல. குடும்பத்தில் மூத்தவர்கள் இளையோருக்குக் காட்டிக் கொடுப்பதன் வழியாகவே ஆகும்.

இக்கட்டுரை புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊரகக் கொம்யூன்களான பாகூர், வில்லியனூர் ஆகியவற்றையும் அவற்றை அடுத்த தமிழகப் பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு குடும்பம் தன் சுற்றுப்புற மரங்களை அறிந்துகொள்ளும் முறைகளை விளக்குகின்றது.

நிலமும் மரங்களும்

மணப்பட்டு, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கடலோரச் சிற்றூர் ஆகும். இதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பாகூர் ஏரி அமைந்துள்ளது. புதுச்சேரிப் பகுதியின் ஏரிகளுள் ஊசுடு ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவாகும். கடற்கரையிலிருந்து ஏரி வரையிலான இக்குறுகிய தொலைவுக்குள்ளேயே நிலத்தின் தன்மை பலமுறை மாறுவதால், மரங்களும் மாறுகின்றன.

- கடலோர மணல்: சவுக்கு, தென்னை, பனை, புன்னை, பூவரசு ஆகியன இத்தகைய நிலத்துக்கு உரியவை. புதர்களில் தாழை காணப்படும். உப்புக்காற்றைத் தாங்கும் தடித்த இலைகள் அல்லது மெல்லிய ஊசி போன்ற கிளைகள் இவற்றுட் பலவற்றின் பொது இயல்பு.
- வயல் வரப்பும் மேட்டு நிலமும்: பனை, வேம்பு, கருவேலம், நுணா, ஒதியன், வாகை.
- ஏரிக்கரையும் குளக்கரையும்: ஆல், அரசு, புங்கு, நாவல், மருது.
- ஊர்த் தெருவும் வீட்டுப் புறமும்: முருங்கை, மா, பலா, கொடுக்காப்புளி, வேம்பு, தூங்குமூஞ்சி.
- கழிமுகம்: அரியாங்குப்பம், தேங்காய்த்திட்டு ஆகிய இடங்களின் உவர்நீர்ப் பகுதியில் கண்டல் மரங்கள் உள்ளன.

இப்பகுதியின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கின்றது. எஞ்சிய மாதங்களில் நீண்ட வறட்சி நிலவும். இதனைத் தாங்கி ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் மரங்களைக் கொண்ட இயற்கைக் காடு, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என அழைக்கப்படுகின்றது. சாம்பியன், சேத் ஆகியோர் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இது ஒரு தனி வகையாக வைக்கப்பட்டுள்ளது. சோழமண்டலக் கடற்கரையிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் இவ்வகைக் காடுகள் உள்ளன.

கோவில் காடுகள்

உழவுக்கும் விறகுக்கும் குடியிருப்புக்கும் இக்காடுகளின் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. சோழமண்டலக் கடற்கரையில் இன்று எஞ்சியுள்ளவற்றுட் பல, ஐயனார், அம்மன் கோவில்களைச் சுற்றியுள்ள கோவில் காடுகள் ஆகும். கோவில் காட்டில் மரம் வெட்டக் கூடாது, விறகு எடுத்துச் செல்லக் கூடாது என்னும் ஊர்க்கட்டுப்பாடே இவற்றைக் காத்து வந்துள்ளது.

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோவில் காடு இவற்றுள் நன்கு அறியப்பட்டதாகும். 1990-களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகச் சூழலியல் ஆய்வாளர்கள் இக்காட்டையும் கடலூர் மாவட்டத்துத் திருமாணிக்குழி முதலிய ஊர்களின் கோவில் காடுகளையும் மரம் மரமாகக் கணக்கெடுத்து ஆராய்ந்துள்ளனர்.

இத்தகைய காடுகளில் காணப்படும் மரங்களுட் சில:

- காயா: நீல நிறப் பூக்களை உடைய சிறு மரம். திருமாலின் நிறத்துக்குக் காயாம்பூவை உவமையாகக் கூறுவது இலக்கிய மரபு.
- பாலை: மிகக் கடினமான கட்டையை உடையது. உலக்கை செய்யப் பயன்பட்டதால் உலக்கைப்பாலை எனவும் வழங்கும். இதன் சிறு மஞ்சள் பழம் இனிப்பானது.
- வீரை: அடிமரம் பள்ளமும் மேடுமாக முறுக்கிய தோற்றம் கொண்டது.
- காட்டு எலுமிச்சை: எலுமிச்சையின் உறவு. இலையைக் கசக்கினால் அம்மணம் வரும்.
- கருங்காலி: கரிய வைரம் பாய்ந்த மரம். மிகுதியாக வெட்டப்பட்டதால் அரிதாகிவிட்டது.
- மகிழ்: உதிர்ந்து காய்ந்த பின்னும் மணம் மாறாத பூக்களை உடையது.

குலதெய்வ வழிபாட்டுக்காகக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இக்கோவில்களுக்குச் செல்கின்றன. பொங்கல் வைத்து, நாள் முழுவதும் மர நிழலில் தங்குவது வழக்கம். எனவே பல குடும்பங்களுக்கு உலர் பசுமைமாறாக் காட்டின் உள்ளே நுழையும் ஒரே வாய்ப்பாக இதுவே அமைகின்றது. கோவில் விரிவாக்கம், சிமெண்டுத் தளம், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றால் காடுகள் குறுகி வருகின்றன. தளம் போடப்பட்ட இடத்தில் விழும் விதை முளைப்பதில்லை. முதிர்ந்த மரங்கள் நிற்பினும் இளமரங்கள் இல்லாத காடு, ஒரு தலைமுறைக்குப் பின் நிலைப்பது கடினம்.

தமிழ் மரபில் மர அறிவு

தமிழில் மரங்களை நுணுகி நோக்கும் மரபு மிகப் பழமையானது. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கின்றது. இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல் வகையைச் சேர்ந்தவை. இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் எனப் புற்களோடு ஒரே பெரும்பிரிவில் வைக்கின்றது. வேம்பு, புளி போல ஆண்டுதோறும் அடிமரம் பருத்து உள்வைரம் கட்டும் வளர்ச்சி பனையில் இல்லை.

ஐந்திணைகளுள் மருதமும் பாலையும் மரங்களின் பெயரைப் பெற்றவை என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. நெய்தல் நிலத்துக்கு உரிய மரமாகப் புன்னை இலக்கியங்களில் பேசப்படுகின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்பட்டுள்ளன.

ஒரு மரத்தின் உறுப்புகளை வளர்ச்சி நிலைக்கேற்பக் குறிக்கும் சொற்களும் தமிழில் மிகுதி:

- இலை: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு
- பூ: அரும்பு, மொட்டு, மலர், வீ
- காய்: பிஞ்சு, காய், பழம்
- பனை: வடலி (இளம் பனை), ஓலை, குருத்து, நுங்கு, பனம்பழம், கிழங்கு

ஊர்ப் பெயர்களிலும் மரங்கள் வாழ்கின்றன. புதுச்சேரிப் பகுதியில் முருங்கப்பாக்கம், ஆலங்குப்பம், பனையடிக்குப்பம், ஒதியம்பட்டு ஆகிய பெயர்களில் மரப்பெயர்கள் காணப்படுகின்றன. வில்லியனூரின் பழம்பெயர் வில்வநல்லூர் என வழங்கப்படுகின்றது. அருகிலுள்ள கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், தலமரமான பாதிரியால் பெயர் பெற்றது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் அங்கு வளர்ந்த தில்லை மரங்களால் வந்தது. வில்வம் புதுச்சேரியின் மாநில மரமாகவும், நாகலிங்கப்பூ மாநில மலராகவும் அறிவிக்கப்பட்டுள்ளன.

வந்த மரங்களும் வாழ்ந்த மரங்களும்

இன்று தெருவில் காணப்படும் மரங்கள் அனைத்தும் இம்மண்ணுக்கு உரியவை அல்ல. சில மரங்களின் தாயகம் வருமாறு:

- சவுக்கு: தென்கிழக்காசியா, ஆத்திரேலியா
- மயில்கொன்றை: மடகாசுகர்
- தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி, நாகலிங்கம், சீமைக்கருவேலம்: அமெரிக்க வெப்பமண்டலப் பகுதி
- முந்திரி: பிரேசில். போர்த்துக்கீசர் வழியாக வந்தது
- புளி: ஆப்பிரிக்கா. மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து நிலைத்தது

பெயரின் முன் வரும் "சீமை" என்னும் அடைமொழி, அது வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்குரிய அடையாளமாகும். நாட்டில் முன்பே இருந்த கருவேலத்திலிருந்து வேறுபடுத்தவே சீமைக்கருவேலம் என்னும் பெயர் வந்தது. வந்த மரங்கள் எல்லாம் தீயவை எனக் கொள்வதும் பொருந்தாது. புளியின்றித் தமிழர் சமையல் இல்லை. சீமைக்கருவேலமோ தானே பரவிப் பிற செடிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றது. ஒவ்வொரு மரத்தையும் அதன் வரலாற்றோடு அறிவதே இவ்வேறுபாட்டை உணர்த்தும்.

குடும்பமாக அறிதல்

ஒரு குடும்பத்தில் மர அறிவு சமமாகப் பரவியிருப்பதில்லை. பாட்டன் பாட்டியருக்கு (இப்பகுதி வழக்கில் தாத்தா, ஆயா) மரங்களின் உள்ளூர்ப் பெயரும் பயனும் தெரியும். பெற்றோருக்கு நூல்களையும் கணினியையும் பயன்படுத்தத் தெரியும். சிறுவர்களிடம் பொறுமையாகக் குனிந்து பார்க்கும் ஆர்வம் உண்டு. மூன்றும் சேரும்போதே அறிவு முழுமையடைகின்றது.

முன்பு விளையாட்டின் வழியாகவே இவ்வறிவு கைமாறியது. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுதல், நுங்குக் கூந்தலில் வண்டி செய்தல், நுணாக்காயில் விளக்குமாற்றுக் குச்சி செருகித் தேர் செய்தல், புன்னைக்காயைக் கோலியாக ஆடுதல், ஆலம் விழுதில் ஊஞ்சல் ஆடுதல் ஆகியன சில எடுத்துக்காட்டுகள். நுணாக்காயைத் தேடிச் செல்லும் சிறுவனுக்கு நுணா மரத்தை எவரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பின்வரும் செயல்பாடுகள் குடும்பமாகச் செய்யத்தக்கவை:

- ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய், இலையுதிர்வு ஆகியவற்றைக் குறித்து வைத்தல். இந்திய அளவில் சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டம், மாணவர்களும் பொதுமக்களும் அனுப்பும் இத்தகைய குறிப்புகளைத் தொகுக்கின்றது.
- உதிர்ந்த இலைகளை நாளிதழ்த் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, பெயர், இடம், நாள் ஆகியவற்றுடன் ஒட்டுதல்.
- பட்டையின் மீது தாளை வைத்து மெழுகு வண்ணக்கோலால் தேய்த்துப் பதிவு எடுத்தல்.
- தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை ஆண்டுதோறும் ஒரே நாளில் அளத்தல்.
- நிழலைக் கொண்டு உயரம் காணல். 1 மீட்டர்க் குச்சியின் நிழல் 0.8 மீட்டராகவும், அதே நேரத்தில் மரத்தின் நிழல் 8 மீட்டராகவும் இருப்பின், மரத்தின் உயரம் 8 ÷ 0.8 = 10 மீட்டர் ஆகும்.
- மூத்தோர் கூறும் உள்ளூர்ப் பெயரை அவர்கள் ஒலிக்கும் வடிவிலேயே எழுதி வைத்தல். ஒரே மரம் ஓரூரில் நுணா எனவும் மற்றோரூரில் மஞ்சணத்தி எனவும் வழங்கும். பராய் மரத்தைப் பிராய் என்போரும் உளர்.

எளிய இனங்காணல் திறவுகோல்

இரண்டு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து அடுத்த படிக்குச் செல்லும் முறை இருகிளைத் திறவுகோல் எனப்படும். கீழே இப்பகுதியில் எளிதாகக் காணத்தக்க 13 மரங்களுக்கு மட்டுமான திறவுகோல் தரப்பட்டுள்ளது. பிற மரங்களுக்கு இது பொருந்தாது.

1. பொதுவாக அடிமரம் கிளைக்காது, உச்சியில் மட்டும் ஓலைகள் இருப்பின் 2-க்குச் செல்க. கிளைகள் இருப்பின் 3-க்குச் செல்க.
2. ஓலை விசிறி வடிவம் எனில் பனை. இறகு வடிவம் எனில் தென்னை அல்லது ஈச்சை. ஈச்சையில் ஓலைக்காம்பின் அடிப்பகுதியில் முட்கள் இருக்கும்.
3. இலைக்குப் பதிலாகக் கணுக்களுடன் கூடிய மெல்லிய பச்சைக் குச்சிகள் எனில் சவுக்கு. அகன்ற இலைகள் அல்லது சிற்றிலைகள் எனில் 4.
4. ஒரு காம்பில் ஒரே இலை எனில் 5. ஒரு காம்பில் பல சிற்றிலைகள் (கூட்டிலை) எனில் 8.
5. இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பின் 6. மாறி மாறி அமைந்திருப்பின் 7.
6. இலை தடித்துப் பளபளப்பாக, மிக நெருக்கமான இணை நரம்புகளுடன் இருப்பின் புன்னை. விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு ஓட, கசக்கினால் மணம் வரின் நாவல்.
7. இலையைக் கிள்ளினால் வெண்பால் வந்து, நுனி வால் போல் நீண்டிருப்பின் அரசு. வெண்பால் வந்து, நுனி மழுங்கி, மரத்தில் விழுதுகள் இருப்பின் ஆல். வெண்பால் இன்றி இதய வடிவ இலை எனில் பூவரசு.
8. மூன்று சிற்றிலைகளும் கிளையில் முட்களும் எனில் வில்வம். மூன்றுக்கு மேற்பட்ட சிற்றிலைகள் எனில் 9.
9. சிற்றிலையின் விளிம்பில் பற்கள் இருப்பின் வேம்பு. பற்கள் இல்லையெனில் 10.
10. பத்து இணைக்கு மேற்பட்ட மிகச் சிறு சிற்றிலைகள் எனில் புளி. ஐந்து முதல் ஏழு வரையிலான பெரிய பளபளப்பான சிற்றிலைகள் எனில் புங்கு.

தாவரக் குடும்பங்கள்

தாவரவியலிலும் குடும்பம் என்னும் சொல் உண்டு. பூ, காய் ஆகியவற்றின் அமைப்பில் ஒத்த பேரினங்களின் தொகுதியே தாவரக் குடும்பம். ஒரு குடும்பத்தின் பொது இயல்பு தெரிந்தால், அறியாத மரத்தின் உறவையும் ஊகிக்கலாம்.

- அவரைக் குடும்பம்: புளி, புங்கு, வாகை, சரக்கொன்றை, கருவேலம். காய் அவரை போன்ற நெற்று.
- அத்திக் குடும்பம்: ஆல், அரசு, அத்தி, பலா, பராய். உடலில் வெண்பால் உண்டு. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பூக்கள் பழம் போன்ற கூட்டுக்குள் மறைந்திருக்கும். சிறு குளவிகள் உள்ளே புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்கின்றன.
- எலுமிச்சைக் குடும்பம்: வில்வம், விளா, கறிவேப்பிலை, காட்டு எலுமிச்சை. இலையை ஒளிக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும்.
- பனைக் குடும்பம்: பனை, தென்னை, ஈச்சை, கமுகு. பனையிலும் ஈச்சையிலும் ஆண், பெண் மரங்கள் தனித்தனி.

பருவ நாட்காட்டி

- பங்குனி, சித்திரை: வேம்பும் புங்கும் பூக்கும். சித்திரை முதல் நாள் உணவில் வேப்பம்பூ சேர்க்கப்படுகின்றது.
- சித்திரை, வைகாசி: நுங்குக் காலம். சரக்கொன்றை பூக்கும்.
- ஆனி, ஆடி: நாவற்பழம்.
- ஆடி, ஆவணி: பனம்பழம். விழுந்த பழத்தின் விதைகளைச் சேர்த்துப் புதைக்கலாம்.
- ஆவணி, புரட்டாசி: விளாம்பழம். பிள்ளையார் சதுர்த்திப் படையலில் இடம்பெறும்.
- ஐப்பசி, கார்த்திகை: மழைக்காலம். கன்று நட ஏற்ற பருவம்.
- தை: புதைத்த பனை விதையிலிருந்து கிழங்கு கிடைக்கும்.

எச்சரிக்கைகள்

பெயர் தெரியாத மரத்தின் இலை, காய், விதை எதனையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. எட்டியின் விதை கொடிய நஞ்சாகும். மஞ்சள் அரளியின் விதையும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும். தில்லையின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும். இலைகளை உதிர்ந்தவற்றிலிருந்தே எடுப்பது நல்லது. கோவில் காடுகளில் அவ்வூர்க் கட்டுப்பாடுகளைப் பின்பற்றுதல் வேண்டும்.

கற்கத்தக்க இடங்கள்

- புதுச்சேரி தாவரவியல் பூங்கா: 1826-இல் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது. தாவரவியலாளர் பெரோத்தே பல நாட்டுத் தாவரங்களை இங்கு அறிமுகம் செய்தார்.
- புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம்: 1955-இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம். உலர்தாவரத் தொகுப்பு ஒன்றை வைத்துள்ளது.
- ஆரோவில்: 1968-இல் நிறுவப்பட்டது. செம்மண் அரிப்பால் வறண்டிருந்த மேட்டு நிலத்தில் காடு வளர்க்கப்பட்டது. பிச்சாண்டிக்குளம் காடு, 2000-இல் தொடங்கப்பட்ட ஆரோவில் தாவரவியல் தோட்டம் ஆகியவற்றில் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைக் காணலாம்.
- திருவக்கரை கல்மரப் பூங்கா: விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் கருதப்படும் கல்லான மரங்கள் உள்ளன.

முதன்மை

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. இரு பகுதிகளிலும் பெருமளவில் மரங்கள் சாய்ந்தன. கடலூர் மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகள் பெரும் அழிவுக்குள்ளாயின. இத்தகைய அழிவுக்குப் பின் எந்த மரத்தை மீண்டும் நடுவது என்னும் கேள்வி ஒவ்வோர் ஊருக்கும் எழுகின்றது. விரைவில் வளரும் சில மரங்களின் பெயர்கள் மட்டுமே தெரிந்த ஊரில், அவையே நடப்படும். வீரையும் காயாவும் பாலையும் நினைவில் இருந்தால்தான் அவற்றின் கன்றுகளை எவரேனும் கேட்பர். கேட்பவர் இருந்தால்தான் நாற்றங்கால்களில் அவை வளர்க்கப்படும்.

மர அறிவு ஒரு தலைமுறையில் கைமாறாமல் விடுபட்டால், அடுத்த தலைமுறை அதனை நூல்களிலிருந்து முழுமையாக மீட்க இயலாது. உள்ளூர்ப் பெயர்களுட் பல எந்த நூலிலும் பதிவாகாதவை. பெயர் தெரிந்த மூத்தோர் உள்ளபோதே அவர்களுடன் ஒருமுறை ஏரிக்கரை வரை நடந்து, கண்ட மரங்களின் பெயர்களை எழுதி வைப்பது எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய பதிவாகும்.

இவற்றையும் பார்க்க

- கோவில் காடு
- தலமரம்
- உலர் பசுமைமாறாக் காடு
- குறிஞ்சிப்பாட்டு
- பனை
- பாகூர்